தண்ணீர் குறைகிறது என்று ஏன் சொல்லவில்லை?



அன்பான ஊர் உறவுகளே, கொஞ்சம் நீண்ட பதிவுதான். ஆனால் பாவித்த லொறியோ வேனோ வாங்க நினைப்பவர்களும் விற்க நினைப்பவர்களும் கடைசிவரை வாசித்தால் நல்லது.

எங்கள் தம்பி ஏழு வருடம் கட்டாரில் உழைத்துவிட்டு ஊர் வந்தான். இனி வெளிநாடு வேண்டாம், பிள்ளைகளோடு இருந்து ஒரு தொழில் பார்க்கிறேன் என்றான். உம்மா சந்தோசத்தில் அழுதே விட்டா. அவனுடைய சேமிப்பு, எங்கள் சம்பளத்தில் எடுத்த இடர் கடன், உம்மாவின் இரண்டு காப்பு, எல்லாம் சேர்த்து 14.5 அடி லொறி ஒன்று எடுத்தோம். சம்மாந்துறையில் அரிசி ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோவதுதான் திட்டம்.

விற்றவர் வெளியாள் இல்லை. ஒரே பள்ளியில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுபவர். அதனால் நாங்கள் அதிகம் துருவிப் பார்க்கவில்லை. அஸருக்குப் பிறகு போனோம். லொறி கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. நாங்கள் போகும்போதே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டினோம். சூடு காட்டும் முள் அடியிலேயே கிடந்தது. "என்ஜின் நல்ல கூல் சேர்" என்றார். நம்பிக் கைகொடுத்துவிட்டு வந்தோம்.

ஒரு கிழமை போகவில்லை. தம்பி சொன்னான்: "காக்கா, றேடியேட்டர்ல தண்ணி கொறயுது. ஆனா கீழ ஒரு சொட்டும் ஒழுகல்ல."

ஊற்றிக்கொண்டு ஓடு, பார்ப்போம் என்று சொன்னது நாங்கள்தான். தினமும் காலையில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினான், ஓடினான்.

மூன்றாவது பயணம் பாடசாலை விடுமுறையில் வந்ததால் நாங்களும் கூடப் போனோம். மஹியங்கனை தாண்டி, ஹசலக்கவுக்கு அப்பால் பதினெட்டு வளைவில் முழுச் சுமையோடு ஏறும்போது முள் திடீரென்று மேலே பாய்ந்தது. முன்னால் ஆவி கிளம்பியது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், பின்னால் வாகன வரிசை. எப்படியோ ஓரம் கட்டிச் சில்லுக்குக் கல் வைத்தோம். தம்பி துணியைச் சுற்றி றேடியேட்டர் மூடியில் கை வைத்தான். எதிரே வந்த சிங்கள பஸ் சாரதி ஒருவர் பஸ்ஸை நிறுத்தி, "டிகக் இன்ன மஹத்தயா!" என்று கத்தினார். அந்தக் கத்தலில்தான் தம்பியின் முகம் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம். அமுக்கம் கூடினால் கொதிநிலை கூடும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆட்கள் நாங்கள். மூடியில் 0.9 என்று எழுதியிருந்தால், வெளி வளியமுக்கத்தை விட அவ்வளவு பார் கூடிய அமுக்கத்தை அது உள்ளே பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த அமுக்கத்தில் வெறும் தண்ணீர்கூடக் கிட்டத்தட்ட 118 பாகை வரை கொதிக்காது. மூடியைத் திறந்த அந்தச் செக்கனிலேயே அமுக்கம் போய், கொதிநீர் ஆவியாக முகத்தில் அடிக்கும். வகுப்பறையில் தெரிந்தது வீதியில் ஞாபகத்துக்கு வரவில்லை.

என்ஜின் ஆறும் வரை காத்திருந்து, மெல்லத் தண்ணீர் ஊற்றி, கெஞ்சிக் கெஞ்சி ஒரு கராஜுக்குக் கொண்டுசேர்த்தோம். அங்கிருந்த பாஸ் கெபினைத் தூக்கி றேடியேட்டருக்கு ஒரு கைப் பம்பைப் பூட்டிக் காற்றழுத்தினார். வெளியே எங்கும் கசிவில்லை. பிறகு மூடியில்லாமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். சட்டிக்குள் கொதிப்பது போலக் குமிழி குமிழியாக வந்தது. "ஹெட் கேஸ்கட் போய்ட்டு சேர். சிலிண்டருக்குள்ள இருக்கிற கேஸ் தண்ணிக்குள்ள வருது, தண்ணியத் தள்ளி விடுது" என்றார்.

கழற்றக் கழற்ற மற்றதெல்லாம் வந்தது. தேர்மோஸ்டட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. அதை எடுத்துவிட்டால் சாதாரண வீதியில் முள் ஏறாது, வாங்க வருபவனுக்கு என்ஜின் "நல்ல கூல்" ஆகத்தான் தெரியும். றேடியேட்டரின் மேல் தொட்டியைத் திறந்தால் துருவும் மஞ்சளும் குழைந்த களி. சின்னக் கசிவை அடைக்க மஞ்சள் தூள் போடும் பழைய கைவைத்தியம். கழுவித் துடைத்ததில் கசிந்த தடங்களும் போய்விட்டன. இதில் எதுவும் தானாக நடந்ததில்லை. எல்லாம் ஒரு கை செய்த வேலை.

விற்றவரிடம் போனோம். சண்டைக்குப் போகவில்லை, கேட்கத்தான் போனோம். முதலில், "பாத்துத்தானே எடுத்தீங்க" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எனக்கும் இப்புடித்தான் சேர் தந்தாங்க."

அன்றிரவு தம்பி கேட்டான்: "காக்கா, நாமளும் தண்ணிய நிரப்பிக் கழுவிப்போட்டு வித்துருவமா?"

பொய் சொல்லக் கூடாது. அந்தக் கேள்விக்கு நாங்கள் உடனே "இல்லை" என்று சொல்லவில்லை. கடன் இருக்கிறது, உம்மாவின் காப்பு போயிருக்கிறது. விடியும்வரை யோசித்தோம். அந்த யோசனைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

நபிகளார் (ஸல்) சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். மோசடி செய்பவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்ற கருத்தில் அவர்கள் சொன்னதும் தெரியும். கழுவித் துடைத்த என்ஜினும் மேலே காய்ந்து உள்ளே நனைந்த குவியல்தான். குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவனுக்கு உரிமை உண்டு என்று மார்க்கச் சட்டம் சொல்கிறது. அதை மத்ரஸாவில் ஓதுகிறோம், சந்தையில் மறக்கிறோம்.

சிலர் கேட்பார்கள், சொன்னால் விலை விழாதா என்று. விழும்தான். அதுதான் அந்த லொறியின் உண்மையான விலை. சொல்லாவிட்டால் நட்டம் மறைவதில்லை, அடுத்தவன் பைக்குப் போகிறது. போகும்போது வளர்ந்துகொண்டும் போகிறது. ஆரம்பத்தில் ஒரு ஹோஸோ மூடியோ மாற்றினால் தீர்ந்திருக்கும் செலவு, கை மாறி மாறி எங்களிடம் வரும்போது ஹெட்டைக் கழற்றும் செலவாக நின்றது. பதினெட்டு வளைவில் அது ஒரு உயிரின் விலையாகவும் ஆகியிருக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் இருந்த பழைய வாகனங்களே நமக்குள் சுற்றிச் சுற்றி விற்கப்பட்டன. குறைகளும் கூடவே சுற்றின. ஆகவே இது ஒருவரைக் குற்றம் சாட்டும் பதிவல்ல. நம் எல்லோருக்கும் உரிய கணக்கு.

வாங்குபவர்களுக்கு: சுபஹுக்குப் பிறகு போங்கள். கை வைத்துப் பாருங்கள், என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். ஏற்கனவே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள். துரு நிறமோ களியோ இருந்தால் காரணம் கேளுங்கள். ஒயில் மூடியின் அடியில் பால் போல் ஒட்டியிருந்தால் யோசியுங்கள். ஸ்டார்ட் செய்தபின் குமிழி விடாமல் வருகிறதா, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் போகிறதா என்று பாருங்கள். ஏற்றமுள்ள வீதியில் ஓட்டுங்கள். ஆறிய பிறகு மட்டத்தை மீண்டும் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பாஸுக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். அந்தக் கூலி வீணாகாது. "நம்மட ஊர் ஆள்தானே" என்பது சலாம் சொல்வதற்கு நல்ல காரணம், மூடியைத் திறக்காமல் விடுவதற்கு அல்ல.

வாங்கியவர்களுக்கு: தண்ணீர் தானாகக் குறையாது. எங்கோ போகிறது. நாங்கள் செய்ததுபோல ஊற்றிக்கொண்டு ஓடாதீர்கள். நம் கடற்கரை ஊர்க் கிணற்று நீரின் உப்பும் சுண்ணாம்பும் றேடியேட்டருக்குள் படியும். கம்பனி சொன்ன அளவில் கூலன்ட் கலந்து பாவியுங்கள். சூடேறிய என்ஜினுக்குப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம்.

விற்பவர்களுக்கும் புரோக்கர்மாருக்கும்: ஒரு தாளில் தெரிந்த குறைகளை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். நம் ஊரில் இந்த வழக்கம் வந்தால், ஊர் லொறி என்றால் நம்பி எடுக்கலாம் என்று வெளியூர்க்காரன் தேடி வருவான். பரக்கத் என்பது அதுதான்.

நாங்கள் லொறியைத் திருத்திவிட்டோம். கடன் கூடியது. இப்போது தண்ணீர் நிற்கிறது, தம்பி ஓடுகிறான். கராஜ் பில்லையும் அந்த மஞ்சள் களியின் படத்தையும் லொறிப் புத்தகத்தோடு சேர்த்து ஒரே உறைக்குள் வைத்திருக்கிறோம். என்றைக்காவது விற்றால் அந்த உறை வாங்குபவர் கைக்குப் போகும், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் வியாபாரங்களில் நேர்மையையும் நம் பிள்ளைகளின் பயணங்களில் பாதுகாப்பையும் தருவானாக. ஆமீன்.