பிள்ளை காம்பராவிலேயே பல் துலக்கட்டும்

முரசு நோயைப் பற்றிப் படிக்கும் பல் வைத்திய மாணவர்கள், எந்த நாட்டில் படித்தாலும், இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய ஓர் ஆய்வைச் சந்திக்காமல் போவது அரிது. நோர்வேயைச் சேர்ந்த பேராசிரியர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970 இல் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையான 480 ஆண் தொழிலாளரின் வாயைச் சோதித்தார்கள். அதே ஆட்களை 1985 வரை திரும்பத் திரும்பப் பார்த்துப் பதிந்தார்கள். அந்தத் தோட்டங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பல் சிகிச்சையோ பல் பாதுகாப்புத் திட்டமோ ஒருநாளும் எட்டிப் பார்க்காத மனிதர்களின் வாயில் நோய் எப்படி வளரும் என்பதை அறிய வேண்டியிருந்தது. ஒப்பிடுவதற்கு ஒஸ்லோ நகரில் 565 மாணவர்களையும் கல்வியாளர்களையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த நகரில் முன்பள்ளி வயதிலிருந்தே பிள்ளைகளை ஆண்டுதோறும் அழைத்துப் பல்லைப் பார்க்கும் பொதுத் திட்டம் ஏற்கெனவே 40 ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. 40 வயதை நெருங்கியபோது ஒஸ்லோக்காரரின் பல்லைப் பிடித்திருக்கும் இழையம் சராசரியாக ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல் இறங்கியிருந்தது. நமது தொழிலாளருக்கு அது நாலரை மில்லிமீற்றர். அவர்களில் நோய் வேகமாகப் பரவிய எட்டுச் சதவீதத்தினர் 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்திருந்தார்கள்.

இந்த இடைவெளிக்கு இரத்தமோ இனமோ காரணம் என்று சொல்ல அந்த ஆய்வில் எதுவும் இல்லை. ஒரு பக்கம் சின்ன வயதிலேயே பிள்ளையைத் தேடிச் சென்ற ஒரு சேவை இருந்தது. மறுபக்கம் அது இருக்கவில்லை. அந்த முதல் பரிசோதனை நடந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று டயகம, அக்கரப்பத்தனை, லிந்துலை பக்கத்துத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான் பொருந்தும் என்பது என் வாதம். பல் பாதுகாப்பைப் பிள்ளை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டத்தில் அந்த இடம் பிள்ளை காம்பரா. சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று இன்று பலகையில் எழுதியிருக்கும் அந்தக் கட்டிடத்தில், நாள்தோறும் ஒருமுறை, பெரியவர் ஒருவரின் கண் முன்னால், புளோரைட் பற்பசையால் பிள்ளைகள் பல் துலக்க வேண்டும். பல் சிகிச்சையாளர் ஆண்டுக்கு இரண்டு முறையாவது அங்கே வர வேண்டும்.

இதற்கு முதலில் எழும் மறுப்பு வயதானவர்களிடமிருந்து வரும். எங்கள் காலத்தில் பிரஷ்ஷும் இல்லை, பற்பசையும் இல்லை; கரியும் சாம்பலும் போதுமாயிருந்தன; அப்போது இவ்வளவு பற்சூத்தையும் இல்லை என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்த ஆய்விலேயே தொழிலாளருக்குப் பற்சூத்தை மிக மிகக் குறைவாகத்தான் காணப்பட்டது. ஆனால் பல்லில் ஓட்டை விழாமலே பல் போனது. பல்லைச் சுற்றிப் படிந்த அழுக்கும் காறையும் முரசை அரித்து, நல்ல பல்லையே ஆட்டி விழுத்தின. பற்சூத்தை இல்லாத அந்தப் பாதி அதிர்ஷ்டமும் இன்று நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. தோட்டத்துக் கடை வாசலில் டொபியும் கிரீம் பிஸ்கட்டும் நிறமூட்டிய இனிப்புப் பானமும் சரம் சரமாகத் தொங்குகின்றன. அவற்றில் பல சோற்றுப் பார்சலை விட மலிவு. 2015–16 இல் நாடளாவிய வாய்ச் சுகாதார ஆய்வு நடந்தபோது ஐந்து வயதுப் பிள்ளைகளில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குப் பற்சூத்தை இருந்தது. தாத்தாவின் வாயில் இல்லாத நோய் பேரப்பிள்ளைக்கு வந்துவிட்டது. தாத்தாவுக்கு இருந்த முரசு நோயும் வளர்ந்த பின் அந்தப் பிள்ளைக்குக் காத்திருக்கிறது.

சூத்தை எப்படித் தொடங்குகிறது என்பதை எந்தத் தாயும் தன் கண்ணாலேயே பார்க்கலாம். வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் கிடத்தி மேலுதட்டை மெல்ல உயர்த்திப் பாருங்கள். மேல் முன்பற்கள் முரசைத் தொடும் இடத்தில், சுண்ணாம்புக் கோடு இழுத்தது போல, பளபளப்பில்லாத வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் முதல் அறிகுறி. அந்தக் கட்டத்தில் ஓட்டை இன்னும் விழவில்லை; புளோரைட்டும் நல்ல உணவுப் பழக்கமும் சேர்ந்தால் பல் திரும்ப உறுதிப்படும். அதைத் தவறவிட்டால் கோடு மஞ்சளாகி, பழுப்பாகி, பல் முரசோடு முறியும். சூப்பிப் போத்தலில் சீனி போட்ட பாலையோ சாயத் தண்ணியையோ ஊற்றிக் கொடுத்து உறங்க வைக்கும் பிள்ளைகளிடம் இது வேகமாக நடக்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால், வாயிலுள்ள கிருமிகள் அந்தச் சீனியைத் தின்று அமிலமாக்கும்போது அதைக் கழுவிவிட எதுவும் இருப்பதில்லை. கீழ் முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் மூடிக் காப்பதால் அவை தப்பிவிடும். மேல் பற்கள் கறுத்து, கீழ்ப் பற்கள் வெள்ளையாக இருக்கும் பிள்ளையைப் பார்த்தால் காரணத்தைப் பெரும்பாலும் போத்தலில்தான் தேட வேண்டும்.

பால் பல் எப்படியும் விழப்போகிறது, அதற்கு ஏன் இவ்வளவு பாடு என்பது இரண்டாவது மறுப்பு. தோட்டத்தில் மட்டுமல்ல, கொழும்பிலும் இதைத்தான் சொல்கிறார்கள். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுவது சரி. ஆனால் உணவை அரைக்கும் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. மூன்று வயதில் சூத்தையானால், ஏழெட்டு ஆண்டுகள் பிள்ளை அந்த வலியோடு சாப்பிட வேண்டும். வேர் நுனியில் சீழ் கட்டினால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லும் பழுதுபடலாம். காலத்துக்கு முன்பே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துவிடும். பின்னால் வரும் பல் கோணலாக முளைக்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் சாப்பாடு. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்துறையில் அது ஏறத்தாழ 32 சதவீதம். வளர்ச்சிக்கு ஒவ்வொரு கவளமும் தேவைப்படும் பிள்ளைக்கு வாயில் புண் இருந்தால் அது சோற்றையும் பயறையும் மெல்லாது. நனைத்த பிஸ்கட்டை விழுங்கும். அந்த பிஸ்கட் அடுத்த பல்லைக் கெடுக்கும். திரிபோஷா சத்துமா கொடுத்து எடை பார்க்கும் அதே அக்கறையோடு வாயையும் திறந்து பார்க்க வேண்டியதன் காரணம் இதுதான்.

அப்படியானால் பெற்றோர்தானே பார்க்க வேண்டும், பிள்ளையின் பல்லைத் துலக்குவதும் தோட்டத்தின் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. பெற்றோரின் பொறுப்பு மறுக்க முடியாதது. இரவில் உறங்கும் முன் பல் துலக்குவது வீட்டில்தான் நடக்க வேண்டும். அதன்பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாயில் போகக் கூடாது. ஆனால் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். குழாயடியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, மூத்ததைப் பாடசாலைக்கு அனுப்பி, இளையதைக் காம்பராவில் விட்டுவிட்டு, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்கு நேரத்தோடு நிற்க வேண்டும். பிள்ளைக்குப் பல் வலித்தால் டயகமவிலிருந்து பஸ் ஏறி, அக்கரப்பத்தனை, லிந்துலை தாண்டித் தலவாக்கலைக்கோ, அங்கிருந்து நுவரெலியாவுக்கோ போய் வரிசையில் நிற்க நேரலாம். அதோடு அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும். சிகிச்சை இலவசம்தான், அதைத் தேடிப் போகும் நாள் இலவசமில்லை. அதனால்தான் வலி தாங்க முடியாத அளவுக்குப் போன பிறகே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் பல் வைத்தியர் செய்வதற்கு மிஞ்சியிருப்பது பிடுங்குவது ஒன்றுதான். இதைத் தாயின் அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம். அவள் வேலை செய்யும் நேரம் முழுவதும் பிள்ளை நிர்வாகத்தின் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் நிர்வாகம் அந்த நாளில் பத்து நிமிடத்தைப் பிள்ளையின் பல்லுக்குக் கொடுப்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

செய்ய வேண்டிய முறை எளிமையானது. பகல் சாப்பாடு முடிந்து உறங்குவதற்கு முன் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரோ படமோ ஒட்டிய தனிப் பிரஷ். பிரஷ்களின் தலை ஒன்றோடொன்று முட்டாதபடி நிறுத்தி வைக்க, துளையிட்ட ஒரு பலகை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி மணி அளவு பற்பசை. அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு பட்டாணி அளவு. துலக்கிய பின் துப்ப வேண்டும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைட் கழுவுண்டு போய்விடும். ஸ்கொட்லாந்தில் ‘சைல்ட்ஸ்மைல்’ என்ற திட்டத்தின் கீழ் முன்பள்ளிகளில் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே ஐந்து வயதுப் பிள்ளைகளின் பல் சிகிச்சைக்கு 2001–02 இல் ஏறத்தாழ 88 இலட்சம் பவுண் செலவானது. 2009–10 இல் அது 47 இலட்சமாகக் குறைந்தது. துலக்கும் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஆன செலவு ஏறத்தாழ 18 இலட்சம் பவுண் மட்டுமே. பணக்கார நாட்டில் மிச்சம் பிடிக்கும் வழி நமக்கு ஆடம்பரமாக இருக்க முடியாது. பிரஷ்ஷும் பற்பசையும் மொத்தமாக வாங்கினால் ஒரு தோட்டத்தின் ஆண்டுக் கணக்கில் பெரிய தொகை வராது.

புளோரைட் என்றதும் சிலருக்கு அச்சம் வரும். அநுராதபுரம், பொலநறுவை பக்கத்தில் கிணற்று நீரில் புளோரைட் மிகுந்து பிள்ளைகளின் பல் கறைபடிவதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். அந்த அச்சத்தைத் தள்ளிவிடக் கூடாது, விளக்க வேண்டும். வரண்ட வலயத்து நிலத்தடி நீரின் சிக்கல் அது. மத்திய மலைநாட்டின் ஈர வலய நீரில் புளோரைட் குறைவு. அதனால் இங்கே பல்லுக்கு வேண்டிய காப்பு பற்பசையிலிருந்துதான் வர வேண்டும். பிறந்தது முதல் பல ஆண்டுகள் நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரும், பெரியவர் கையால் வைத்துக் கொடுக்கும் அரிசி மணி அளவுப் பசையும் ஒன்றல்ல. தெரியாமல் விழுங்கினாலும் ஆபத்தில்லாத அளவு என்பதால்தான் அந்த அளவையே பரிந்துரைக்கிறார்கள். பசையைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் பெரியவர் தாமே வைக்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

காம்பராவில் இருக்கும் ஆயம்மாமாருக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. சம்பளத்தையும் பயிற்சியையும் கூட்டாமல் அவர்கள் தலையில் இன்னொரு வேலையைச் சுமத்தினால் அது ஒரு மாதம் நடக்கும், பிறகு பலகை மட்டும் சுவரில் இருக்கும். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இந்த நிலையங்களின் உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. அந்தப் பயிற்சியில் இதையும் சேர்த்து, பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப உதவியாளரையும் நியமிக்க வேண்டும். பல் வைத்தியர் போதாது என்பதற்கும் வழி இருக்கிறது. நியூசிலாந்தின் முன்மாதிரியைப் பின்பற்றி 1950களிலேயே மகரகமவில் பாடசாலைப் பல் சிகிச்சையாளரைப் பயிற்றத் தொடங்கிய நாடு இது. மூன்று முதல் 13 வயது வரையான பிள்ளைகளைப் பார்ப்பதே அவர்களுடைய பணி. அவர்கள் பாடசாலை வாசலோடு நின்றுவிடாமல் காம்பராவரை வர வேண்டும். துளையிடும் இயந்திரமும் மின்சாரமும் இல்லாமலே, சூத்தையின் மேல் தடவி அது பரவுவதை நிறுத்தும் வெள்ளி டயமின் புளோரைட் 2021 இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தடவிய இடம் கறுத்துப் போகும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். வலிக்கும் பல்லை விடக் கறுத்த பல் மேல் என்பதை அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

பல் வைத்தியரை முதலில் வலியோடு சந்திக்கும் பிள்ளை, பிறகு வாழ்நாள் முழுக்க வலியோடுதான் அவரைச் சந்திக்கப் போகும். முதல் பல் முளைத்ததிலிருந்து ஒரு வயதாவதற்குள் யாராவது ஒரு முறை வாயைத் திறந்து பார்த்துவிட்டால், நாற்காலியும் விளக்கும் கண்ணாடியும் பயமுறுத்துவதில்லை. அடம்பிடித்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன் என்று மிரட்டுவதையும் நாம் கைவிட வேண்டும். கர்ப்பிணித் தாய்மாரைப் பல் பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கம் நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வருகையிலேயே பிறக்கப்போகும் பிள்ளையின் பல்லைப் பற்றியும் பேசலாம். வீட்டுக்கு வரும் மிட்வைப், எடை குறிக்கும்போது உதட்டையும் உயர்த்திப் பார்க்கலாம்.

சுகாதாரத் திணைக்களமும் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் இதில் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருக்க இனி இடமில்லை. திணைக்களம் சிகிச்சையாளரை அனுப்பட்டும். கம்பனி பிரஷ்ஷையும் பற்பசையையும் ஆளையும் கொடுக்கட்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கங்கள், பிள்ளையைப் பல் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது என்பதையும் மேசையில் வைக்கட்டும். ஒவ்வொரு தோட்டமும் ஆண்டு முடிவில் ஒரே ஓர் எண்ணை வெளியிட வேண்டும்: காம்பராவை விட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் சூத்தையில்லாத வாயோடு போகிறார்கள்? கொழுந்தின் எடையைக் கிலோக் கணக்கில் நாள்தோறும் குறிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இந்தக் கணக்கு எடுப்பது கடினமில்லை. அந்த எண் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தால்தான் வேலை நடக்கிறது என்று நாம் ஏற்றுக்கொள்வோம்.