மாமியாரின் மறதியும் மண்டைப் படமும்

சென்ற வாரத் தபாலில் வந்த ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு, உடனே அடுத்த கடிதத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. எழுதியவர் பெயரும் ஊரும் வேண்டாம். விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அந்தச் சகோதரியின் மாமியாருக்கு வயது 71. ஒரு வருஷமாக மறதி. சொன்னதையே சொல்கிறார். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போடுகிறார். அது போகட்டும், நாமும்தான் போடுகிறோம்! ஆனால் தம்முடைய இரட்டைவடச் சங்கிலியைத் தாமே அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டு, "மருமகள் எடுத்துக்கொண்டுவிட்டாள்" என்று பால்காரரிடம்கூடச் சொல்லி அழுகிறாராம். டாக்டரிடம் போனார்கள். தலைக்கு ஸி.டி. ஸ்கான் எடுத்தார்கள். "வயதுக்குரிய சுருக்கம்; வேறு கோளாறு எதுவும் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தது. கணவர் அதை மேஜைமேல் போட்டு, "பார்த்தாயா? அம்மாவுக்கு ஒன்றுமில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். அப்புறம் டாக்டர் வீட்டுப் பக்கமே யாரும் போகவில்லை.

"படம் பொய் சொல்லுமா?" என்று கேட்கிறார் சகோதரி.

சொல்லாது, அம்மா. ஆனால் அதனிடம் நாம் என்ன கேள்வி கேட்டோம் என்று பார்க்கவேண்டாமா?

இந்த நோய்க்குத் தம் பெயரைக் கொடுத்த டாக்டர் அலோய்ஸ் அல்ஸைமருக்கு எந்தப் படமும் கிடைக்கவில்லை. 1901-ல் ஜெர்மனியில் பிராங்பர்ட் நகர ஆஸ்பத்திரிக்கு அகுஸ்தெ டேட்டர் என்ற 51 வயது மாதை அழைத்து வந்தார்கள். அவளிடம் முதலில் தென்பட்ட கோளாறு என்ன தெரியுமா? கணவர் மேல் காரணமில்லாத சந்தேகம்! அதன் பிறகே ஞாபகம் வெகு வேகமாகத் தேய்ந்தது. 1906-ல் அவள் இறந்தபின் மூளையைச் சன்னமாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான் அல்ஸைமருக்கு விடை கிடைத்தது. நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டான படிவுகள். உள்ளே சிக்குப் பிடித்த நூலைப் போன்ற இழைகள்.

உயிரோடிருப்பவரின் மண்டைக்குள் எட்டிப் பார்க்கும் ஸி.டி. யந்திரம் வந்தது 1971 அக்டோபர் 1-ந் தேதி. லண்டனைச் சேர்ந்த விம்பிள்டனில், அட்கின்ஸன் மார்லி ஆஸ்பத்திரியில், முதல் நோயாளியாகப் படுத்தவளும் ஒரு ஸ்திரீதான். யந்திரத்தைச் செய்த காட்பிரே ஹௌன்ஸ்பீல்ட் டாக்டருக்குப் படித்தவர் இல்லை, இ.எம்.ஐ. கம்பெனியின் எஞ்சினீயர். குழாய்க்கு முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் கிராமபோன் தட்டுகள் பாட்டி வீட்டில் இருந்தனவே, அந்த ஹெச்.எம்.வி. தட்டுகளை வெளியிட்ட அதே கம்பெனி! 1979-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மறதிக்காரருக்கு டாக்டர் இந்தப் படத்தை எடுக்கச் சொல்வதற்கு முதற்காரணம், தீர்க்கக்கூடிய வேறு கோளாறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான். வயதானவர் குளியலறையில் வழுக்கி விழுகிறார். லேசான அடி, இரண்டு நாளில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உள்ளே மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே ரத்தம் மெல்லக் கசிந்து தேங்கி, சில வாரங்கள் கழித்துப் புத்தி தடுமாறுகிறது. "வயதாகிவிட்டது" என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. படத்தில் கண்டுபிடித்து, மண்டையில் சிறு துளையிட்டு வடித்துவிட்டால் பலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள். இன்னொன்று, மூளை அறைகளில் நீர் மிகுந்துபோவது. மறதியோடு, கால் தரையில் ஒட்டிக்கொண்டாற்போன்ற நடை, சிறுநீரை அடக்க முடியாமை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் இதைச் சந்தேகிப்பார்கள். ஒரு குழாய் வைத்து நீரை வயிற்றுக்குள் வடியவிட்டால் நடையாவது தேறுவதுண்டு. இவை தவிர, கட்டி இருந்தாலும், ரத்தக் குழாய் அடைத்த தழும்புகள் இருந்தாலும் படம் காட்டிக்கொடுக்கும். தைராய்டு குறைவையும் பி12 வைட்டமின் குறைவையும் காட்டாது. அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும்.

இப்போது ரிப்போர்ட்டை மறுபடி படியுங்கள். "வேறு கோளாறு எதுவும் இல்லை." அதாவது ரத்தக் கசிவு இல்லை, நீர் இல்லை, கட்டி இல்லை. மிகவும் நல்ல சேதி. ஆனால் மறதி நோய் இல்லை என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது?

அல்ஸைமர் நோயில் முதலில் சுருங்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். காதுக்கு நேர் உள்ளே, கடல்குதிரை வடிவில் இருப்பது. இதை எம்.ஆர்.ஐ. படம் ஸி.டி.யைவிடத் தெளிவாகக் காட்டும். ஆனால் வெறும் வயதிலும் அது கொஞ்சம் சுருங்கும். நோயின் ஆரம்பத்தில் சுருக்கம் கண்ணுக்குப் படாமலும் போகும். பெரிய நகரங்களில் பெட் ஸ்கான் என்று ஒன்று எடுக்கிறார்கள். மூளையின் எந்தப் பகுதி சர்க்கரையைக் குறைவாகச் செலவிடுகிறது என்பதை அது காட்டும். அல்ஸைமர் கண்ட அந்தத் திட்டுகளையே உயிரோடிருப்பவரிடம் காட்டும் வகையும் உண்டு. 2002-ல் ஸ்வீடனில் உப்ஸாலா நகரில் முதன்முதலாக மனிதருக்குச் செய்து பார்த்தார்கள். செலவு அதிகம், எல்லோருக்கும் தேவையும் இல்லை.

அதுவும் கடைசி வார்த்தை ஆகிவிடாது. அமெரிக்காவில் 678 கன்னிகாஸ்திரீகளை வருஷக்கணக்காக ஆராய்ந்தார்கள். அவர்களில் சிஸ்டர் மேரி என்பவர் 101 வயது வரை இருந்தார். ஞாபகப் பரீட்சைகளில் நன்றாகவே தேறினார். இறந்தபின் பார்த்தால், மூளை நிறையத் திட்டுகளும் சிக்கல்களும்!

ஆகவே டாக்டர் படத்தோடு நிற்கமாட்டார். கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிஷம் காட்டச் சொல்வார். பிறகு வீட்டாரை விசாரிப்பார். எப்போது ஆரம்பித்தது? திடீரென்றா, மெல்ல மெல்லவா? சில்லறை எண்ணத் தெரிகிறதா? கோயிலிலிருந்து தனியாக வீடு திரும்புகிறாரா? இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர் யார்? ஆபீஸுக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பும் பிள்ளையா, நாள் முழுதும் கூட இருக்கும் மருமகளா?

அந்தக் கணவருக்கும் ஒரு வார்த்தை. வயதானால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள், ஐயா. 2023-ல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் இந்த மாதிரி நோய் உள்ளவர்கள் 7.4 சதவீதம். மற்றவர்களும் வயதானவர்கள்தானே? தம் நகை களவு போய்விட்டது என்று உங்கள் தாயார் உண்மையாகவே நம்பிப் பயப்படுகிறார். உங்கள் மனைவியும் கற்பனை செய்யவில்லை. இருவரையும் அழைத்துக்கொண்டு மூளை நரம்பு டாக்டரிடம் போங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் ஒரு யோசனை. காந்த யந்திரமாதலால் சங்கிலி, தோடு, மெட்டி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். நகை விஷயத்தில் ஏற்கனவே பயந்திருப்பவரிடம் அங்கே போய் அவசரமாகக் கழற்றினால் ரகளைதான். வீட்டிலேயே, அவர் கண்ணெதிரே, பிள்ளையே கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அவர் கையில் கொடுக்கட்டும். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முன்னாலேயே சொல்லிவிடவேண்டும். உள்ளே படபடவென்று சத்தம் கேட்கும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

சகோதரி, நீங்கள் இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அரிசி டின் சம்பவத்தை முதல் பக்கத்தில் எழுதுங்கள். தேதி போட மறக்கவேண்டாம்.