விசா கூடியிருக்காம். எந்த விசா, யாருக்கு?



நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்களில் போன வாரம் ஒரு போஸ்டர் சுற்றியது. பிரித்தானியக் கொடி, பக்கத்தில் சிரிக்கும் தாதி ஒருவரின் படம். கீழே, "இலங்கையருக்கு விசா வழங்கல் அதிகரிப்பு. கேயர் வேலை. குடும்பத்தோடு போகலாம்." கைபேசி இலக்கம் ஒன்று. அதற்குக் கீழே வரிசையாக "மாஷா அல்லாஹ்", "விபரம் அனுப்புங்க". அதைப் பகிர்ந்தவர்களில் இரண்டு பேர் ஆசிரியர்கள். பசறை, ஹாலிஎல பக்கத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் எங்களில் சிலர் கூடிப் பேசி இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் போஸ்டர். பிரித்தானியாவின் உள்துறை அமைச்சு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசாக் கணக்கை வெளியிடுகிறது. எந்த வகை விசா, எந்த நாட்டவருக்கு, எத்தனை என்று எல்லாம் பிரித்துப் போட்டிருக்கிறது. யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. சுகாதார, பராமரிப்பு வேலை விசா 2023 இல் ஏறத்தாழ 1,46,000 பேருக்குக் கிடைத்தது, குடும்பத்தாரைச் சேர்க்காமல். 2024 இல் அது சுமார் 27,000. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. குடும்பத்தோடு போகலாம் என்கிறார்களே, பராமரிப்பு வேலைக்குப் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிப் போவது 2024 மார்ச் 11 ஆம் திகதியோடு நின்றுவிட்டது. 2025 ஜூலை 22 இலிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பு ஊழியரை எடுப்பதையே மூடிவிட்டார்கள். கதவு பூட்டி, திறப்பையும் எடுத்துக்கொண்டு போன வீட்டுக்கு முன்னால் நின்று டிக்கட் விற்கிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது.

"ஸேர், ஆனா வீதம் கூடித்தானே இருக்கு" என்று ஒருவர் எங்களோடு வாதாடினார். எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையே அவருக்கும் சொன்னோம். நூறு பேர் விண்ணப்பித்து அறுபது பேருக்குக் கிடைத்தால் அறுபது வீதம். அடுத்த வருடம் பத்துப் பேர் மட்டும் விண்ணப்பித்து எட்டுப் பேருக்குக் கிடைத்தால் எண்பது வீதம். வீதம் ஏறிவிட்டது, போனவர்கள் அறுபதிலிருந்து எட்டாகிவிட்டார்கள். இன்னொரு வித்தையும் உண்டு. சுற்றுலா, மாணவர், வேலை எல்லா விசாவையும் ஒரே தொகையாகக் கூட்டிவிட்டு "விசா கூடியிருக்கிறது" என்பது.

சரி, லண்டன் நம்மில் எத்தனை பேருக்கு எட்டும்? நம்ம தோட்டங்களின் கதை குவைத்திலும் சவூதியிலும் டுபாயிலும் நடக்கிறது. நாடு வங்குரோத்தான 2022 இல் 3 லட்சத்து 11 ஆயிரம் பேர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். 2024 இல் அதையும் தாண்டிவிட்டது. 2022 இல் 379 கோடி டொலராக இருந்த வெளிநாட்டுப் பணம் 2024 இல் 657 கோடி ஆனது. ஒவ்வொரு முறையும் அமைச்சர்மார் வெற்றிச் செய்தி போல இதை வாசிக்கிறார்கள். அந்த லட்சங்களில் எத்தனை பேர் எந்த வகை விசாவில் போனார்கள் என்று மேடையில் யாரும் வாசித்து நாங்கள் கேட்டதில்லை. எங்கள் வகுப்பில் "அம்மா வெளிநாட்டில் இருக்கிறவங்க கை தூக்குங்க" என்று கேட்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். கை தூக்காத பிள்ளைகளை எண்ணுவது இலகு.

விசா வகை என்பது வெறும் எழுத்தல்ல. கொரியாவுக்குப் போக கொரிய மொழிப் பரீட்சை பாஸாக வேண்டும். அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் நடக்கும் விஷயம், நடுவில் தரகருக்கு இடமில்லை. ஜப்பானின் விசேட திறன் விசாவுக்கும் மொழிப் பரீட்சை, தொழில் பரீட்சை இரண்டும் உண்டு. படிப்பைக் கேட்கும் விசாவில் மனிதருக்கு ஏதோ ஒரு பாதுகாப்பும் சேர்ந்து வருகிறது. நாங்கள் பார்த்த வரைக்கும் அந்த மொழி வகுப்புகள் நகரத்தில், சிங்களத்தில் நடக்கின்றன. நமுனுகுலவிலிருந்து ஒரு பிள்ளை பஸ் ஏறி வந்து அதைப் படிக்க வேண்டும். எதையும் கேட்காத விசாதான் லயத்து வாசலைத் தேடி வருகிறது. வீட்டுப் பணிப்பெண் விசா. அது ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது, அவர் வீட்டை விட்டு வெளியே வந்தால் சட்டமே அவளைத் தப்பியோடியவள் என்கிறது.

அதிலும் நாட்டுக்கு நாடு விலை வேறு. பிலிப்பைன்ஸ் 2006 இல் தன் நாட்டுப் பணிப்பெண்ணுக்குக் குறைந்தது 400 டொலர் என்று அறிவித்தது. அதே வீட்டில் அதே கழிவறையைக் கழுவும் நம்ம பெண்ணின் சம்பளம் அவளுடைய பாஸ்போட்டின் நிறத்தைப் பார்த்து முடிவாகிறது. ஏன் ஒரு நாட்டவருக்கு மட்டும் திடீரென்று விசா கூடுகிறது என்றும் பாருங்கள். 2023 ஒக்டோபருக்குப் பிறகு இஸ்ரேல் பலஸ்தீனத் தொழிலாளரின் அனுமதிகளை நிறுத்தியது. அடுத்த மாதமே இலங்கையிலிருந்து 10,000 பேரை விவசாய வேலைக்கு அனுப்பும் பேச்சு வந்தது. அந்த இலக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் நம்ம பக்கத்திலும் இருந்தார்கள். அது யாருடைய இடம் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பணிப்பெண் விசாவுக்கும் கீழே ஒன்று இருக்கிறது. விசிட் விசா. 2022 நவம்பரில் ஓமானில் என்ன நடந்தது என்று மறந்துவிட்டோமா? டுபாய் வழியாக விசிட் விசாவில் கொண்டுபோகப்பட்ட நம் நாட்டுப் பெண்கள் விற்கப்பட்ட கதை பத்திரிகைகளில் வந்தது. தூதரகத்தில் வேலை பார்த்த அதிகாரி ஒருவரே கட்டுநாயக்கவில் கைதானார். விசிட் விசாவில் போகிறவர் சட்டத்தின் பார்வையில் உல்லாசப் பயணி. அடி வாங்கினால், சம்பளம் தராவிட்டால், "நான் இங்கே வேலை செய்தேன்" என்று சொல்வதே அவருக்குக் குற்றமாகிவிடும். பணியகத்தின் காப்புறுதியும் அவருக்கில்லை.

சட்டம் போட்டு இதைத் தடுக்கலாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூதூரின் றிசானா நபீக் 2005 இல் பதினேழு வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய பாஸ்போட்டில் சவூதி போனார். 2013 ஜனவரி 9 ஆம் திகதி தலை வெட்டப்பட்டது. நம்ம பள்ளிவாசல்களில் எத்தனை பேர் அழுதோம். அதன் பிறகு வயதெல்லையைக் கூட்டினார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது என்று குடும்பப் பின்னணி அறிக்கையும் வந்தது. வறுமை அப்படியே இருந்தது, அதனால் கிராம உத்தியோகத்தரின் கையெழுத்துக்கு ஒரு விலை வந்தது. கையெழுத்துக் கிடைக்காதவர்கள் விசிட் விசாவில் போனார்கள். பிறகு 2022 இல் டொலர் முடிந்ததும் அந்த ஐந்து வயது இரண்டாக இறங்கியது. வயதெல்லையும் 21 ஆனது. பிள்ளையின் நலனுக்காக வந்த சட்டம் என்றால் டொலர் முடிந்ததும் ஏன் இறங்க வேண்டும்?

மலையகத்துக்கு இப்படி எண்ணப்படுவது புதிதல்ல. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பிரித்தார்கள். 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. எண்ணப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது தோட்டத்து மக்களின் கதை மட்டும் என்று நம்ம முஸ்லிம்கள் ஒதுங்க வேண்டாம். 1949 இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் இந்தியாவிலிருந்து வந்து கடை போட்ட முஸ்லிம் குடும்பங்களும்தான் விண்ணப்பத்தோடு அலைந்தன. ஒரு கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு பரம்பரையின் தலையெழுத்து என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

"தோட்டத்துச் சம்பளத்துக்கு என்ன செய்வது, போகாம இருந்தா நீங்க சோறு போடுவீங்களா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் நாள் சம்பளம் வருவதற்கே வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. போகாதீர்கள் என்று சொல்லும் தகுதி மாதச் சம்பளம் வாங்கும் எங்களுக்கு இல்லை. எங்கள் கோபம் வேறு இடத்தில். சப் ஏஜென்ட் வெளியூர்க்காரர் அல்ல. ஜும்ஆவில் முன் ஸஃப்பில் நிற்கிறார், கோயில் திருவிழாவுக்கு உபயம் கொடுக்கிறார், பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குக் கேடயமும் தருகிறார். நாங்களும் வாங்கியிருக்கிறோம், வெட்கத்தோடு சொல்கிறோம்.

இனி நடந்ததைச் சொல்கிறோம். சாதாரண தரம் எழுதப் போகும் எங்கள் மாணவி ஒருத்தியின் தாய், பசறைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், இரண்டு கிழமைக்கு முன்னால் பாடசாலைக்கு வந்தார். "டீச்சர், விசா வந்துருச்சு, புள்ளைய பாத்துக்குங்க" என்று போனைக் காட்டினார். பக்கத்துப் பாடசாலை மௌலவி ஆசிரியருக்குப் படத்தை அனுப்பினோம். அவர் அரபியில் வாசித்துவிட்டுச் சொன்னார், சுற்றுலா, அறுபது நாள். ஏஜென்ட் அவரிடம் சொல்லியிருந்தது, "போய் எறங்கினதும் மாத்திக்கலாம்."

அவர் போகவில்லை. ஆனால் முற்பணமாக இரண்டு லட்சம் வாங்கியிருக்கிறார். கூரைத் தகரத்துக்கும் அடகு மீட்கவும் அது முடிந்துவிட்டது. போகாவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் அறையில் எழுபதாயிரம் சேர்ந்திருக்கிறது. மிச்சம் ஒரு லட்சத்து முப்பதாயிரம். முடிந்தவர்கள் இன்பொக்ஸில் பேசுங்கள், அவருடைய பெயரை மட்டும் கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது விசா வந்திருந்தால் பாடசாலை விட்ட பிறகு கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம்.

ஏஜென்ட் பதினைந்தாம் திகதி வரை தவணை கொடுத்திருக்கிறார். அவரும் இந்தக் குழுவில் இருக்கிறார்.