சுரப்பிக் காய்ச்சலும் நீங்காத களைப்பும்



காய்ச்சல் என்றதும் எங்கள் பக்கத்தில் முதலில் டெங்கு என்றுதான் பயப்படுகிறோம். அந்தப் பயம் நல்லது. ஆனால் டெங்கு இல்லை என்று தெரிந்த பிறகும் காய்ச்சல் பத்து நாட்களாக விட்டுவிட்டு வந்து, எச்சில் விழுங்கவும் முடியாமல் தொண்டை நொந்து, கழுத்தின் இரு பக்கமும் நெறி கட்டி, தலை வாரக் கை தூக்கவும் சத்தில்லாமல் போனால் அது என்ன? என் 34ஆவது வயதில் எனக்கு அப்படித்தான் வந்தது. வைத்தியர்கள் இதனை இன்பெக்சியஸ் மொனோநியூக்கிளியோசிஸ் என்பார்கள். சுரப்பிக் காய்ச்சல் என்றும் சொல்வதுண்டு. நான் இந்தப் பெயரையே எடுத்துக்கொள்கிறேன். மற்றதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே களைத்துவிடும்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் எப்ஸ்டீன்-பார் என்ற வைரசு. உலகில் வளர்ந்தவர்கள் 100 பேரை எடுத்தால் 90 பேருக்கு மேல் இது எப்போதோ உடம்பில் புகுந்தே இருக்கிறது. ஒரே பேணியில் தேநீர் குடித்தும், அம்மா வாயில் வைத்துச் சூடு பார்த்த சோற்றை உண்டும் சிறுவயதில் தொற்றினால் சாதாரண தடிமன்போல் வந்து போய்விடும். அப்போது தப்பியவர்களுக்கு இளவயதில் அல்லது அதற்குப் பின் வரும்போதுதான் ஆளை விழுத்துகிறது. 40 வயதைத் தாண்டியவர்களுக்குத் தொண்டை நோவும் நெறியும் அவ்வளவாக இல்லாமல், நீண்ட காய்ச்சலும் சிலவேளை கண் மஞ்சளாவதுமாக வரலாம். அதனால் செங்கமாரி என்றே எண்ணிவிடுவார்கள்.

எச்சிலால் பரவுவதால் மேல்நாடுகளில் இதற்கு ‘முத்த நோய்’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். கணவனை இழந்த, அல்லது கணவன் எங்கே என்று தெரியாத பெண்ணொருத்தியின் காதில் இந்தப் பெயர் விழுந்தால் எப்படி இருக்கும் என்று வைத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். ஊர்வாய் எங்களுக்குத் தெரியும். தொற்றி நாலு முதல் ஆறு கிழமைகளுக்குப் பிறகே நோய் வெளிப்படும். முன்பு தொற்றியவர்கள் எந்த வருத்தமும் இல்லாமலே எச்சிலில் வைரசை வெளிவிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே யாரிடமிருந்து வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. குழந்தை குடித்து மிச்சம் வைத்த பாலே போதும்.

இந்த நோயின் காரணம் தெரிய வந்ததும் ஒரு பெண்ணின் காய்ச்சலால்தான். வைரசை அன்ரனி எப்ஸ்டீன், பேர்ட் அச்சோங், இவோன் பார் என்ற மூவர் 1964இல் கண்டறிந்தார்கள். இவோன் பார் பெண். ஆனால் அந்த வைரசுக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு அப்போது தெரியாது. 1967இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஹென்லே தம்பதியரின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த இளம் பெண் ஒருவருக்கு இந்த நோய் வந்தது. அவருடைய குருதியில் அதற்கு முன்னர் இந்த வைரசுக்கான எதிர்ப்பொருள் இருக்கவில்லை; நோய்க்குப் பின் இருந்தது. 1968இல் அது உலகுக்குத் தெரிந்தது.

இனி நோயை அறிவது பற்றி. தொண்டை நோவுடன் காய்ச்சலும், கழுத்தின் பின்புறமும் கமக்கட்டிலும் நெறியும், ஒரு கிழமைக்குமேல் நீடிக்கும் அசதியும் சேர்ந்தால் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். குருதிக் கல எண்ணிக்கையைப் பார்த்தால் ஒருவகை வெண்கலங்கள் கூடியும் உருமாறியும் இருக்கும். இதற்கென்று உள்ள விரைவுப் பரிசோதனை முதல் கிழமையில் ‘இல்லை’ என்று காட்டக்கூடும். அப்போது வைத்தியரைக் கேட்டுத் திரும்பவும் செய்யலாம். டெங்கு, நெருப்புக்காய்ச்சல், எலிக்காய்ச்சல் இவற்றை விலக்கும்வரை வீட்டில் வைத்தியம் பார்க்க வேண்டாம். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளில் எட்டைத் தாண்டக்கூடாது. மெலிந்தவர்களும் ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் வைத்தியர் சொல்லும் அளவுக்கு மேல் போகக்கூடாது. அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினாக் வேண்டாம்.

தொண்டை நோவுக்கென்று மருந்துக்கடையில் அமொக்சிசிலின் வாங்கி விழுங்குவது எங்களிடம் இருக்கும் பழக்கம். வைரசுக்கு அது வேலை செய்யாது. அதோடு இந்த நோயுள்ள பலருக்கு அந்த மருந்தால் உடம்பெல்லாம் செம்மையாகப் பொரிந்துவிடும். அப்படிப் பொரிந்தால் மருந்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். இது பெரும்பாலும் இந்த நோயோடு மட்டும் வரும் பொரிப்பு. ஆகவே ‘பெனிசிலின் ஒவ்வாது’ என்று வாழ்நாள் முழுதும் எழுதி வைக்க வேண்டுமா என்பதை அவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது மண்ணீரல். இடது விலாவுக்குள் இருக்கும் இந்த உறுப்பு வீங்கி எளிதில் கிழியக்கூடியதாகிவிடும். வெடிப்பது நூற்றில் ஒருவருக்குக்கூட வராது. வந்தால் உயிராபத்து. எனவே குறைந்தது நாலு கிழமைகளுக்கு நிறைகுடம் தூக்குவது, விறகு கொத்துவது, மா இடிப்பது, பாரம் வைத்துச் சைக்கிள் மிதிப்பது எதுவும் வேண்டாம். இடது மேல்வயிற்றில் திடீரென்று கடும் நோ, இடது தோள்மூட்டில் நோ, தலைச்சுற்று வந்தால் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

செல் காயத்தால் மண்ணீரல் அகற்றப்பட்ட சகோதரிகள் எங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெடிக்கும் பயம் இல்லை, வேறு பயம் உண்டு. எந்தக் காய்ச்சல் வந்தாலும் காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய், மண்ணீரல் இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்றும் கிளினிக்கில் கேளுங்கள்.

காய்ச்சல் இரண்டு மூன்று கிழமைகளில் போய்விடும். களைப்பு போகாது. எனக்கு முற்றம் கூட்டப் பாதியில் இருக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி அன்போடுதான் சொன்னார்: “பிள்ளை, யோசிக்கிறதை விடு, எல்லாம் சரிவரும்.” எங்களுக்கு எந்த வருத்தம் வந்தாலும் ‘யோசனை’ என்று சொல்லிவிடுவது ஊரிலும் உண்டு, சில கிளினிக்குகளிலும் உண்டு. யோசிக்க எங்களிடம் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் களைப்பு வேறு. அவுஸ்திரேலியாவின் டப்போ என்ற நகரப் பகுதியில், இந்தக் காய்ச்சலும் வேறு இரு தொற்றுகளும் வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 2006இல் ஆய்வொன்றை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழிந்தும் 100க்கு 12 பேரளவில் களைப்போடு இருந்தார்கள். அதை முன்கூட்டிக் காட்டியது அவர்களின் மனநிலையல்ல, தொடக்கத்தில் நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுதான். இதை எழுதும்போதுகூட எனக்கு ஒரு ஆறுதல்.

‘ஓய்வெடுங்கள்’ என்று வைத்தியர் எழுதித் தருவார். நாட்கூலியும், கிழமைதோறும் கட்டும் கடன் தவணையும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் உள்ளவள் அதை எங்கே போய் எடுப்பது? தனியாக எடுக்க முடியாது என்பதே என் அனுபவம். எங்கள் மாதர் சங்கத்தில் நாலு பேர் முறைவைத்துத் தண்ணீர் அள்ளித் தந்தார்கள். ஒருத்தி மத்தியானச் சோறு. வைத்தியரிடம் நோயின் பெயரை எழுதி வாங்கி, கடன் அறவிடுபவரிடமும் வேலை தருபவரிடமும் காட்டினால் தவணை தள்ளிப்போடக் கேட்க ஒரு பிடி கிடைக்கும். வெட்கப்படாமல் கேளுங்கள்.

படுத்தே கிடப்பதும் சரியல்ல. காய்ச்சல் விட்டதும் காலையில் ஒரு சின்ன வேலை, பிறகு படுக்கை, பின்னேரம் இன்னொன்று என்று தொடங்குங்கள். இன்றைக்குச் செய்தது நாளைக்கு விழுத்தினால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். எனக்கு முழுதாகத் தேற மூன்றரை மாதம் எடுத்தது. கஞ்சியும் சொதியும் முட்டையும் போதும். விலைகூடிய சத்துமா தேவையில்லை. பிள்ளைகளை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. பேணியும் பல்தூரிகையும் மட்டும் வேறாக இருக்கட்டும்.

கழுத்துக் கட்டி ஒரு மாதத்துக்குமேல் கரையாமல் நோவின்றிப் பெருத்தால், அல்லது இரவில் வியர்த்து உடம்பு மெலிந்தால், அது காசநோயாகவோ வேறொன்றாகவோ இருக்கலாம். மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். களைப்பு மட்டும் ஆறு மாதம் தாண்டினால் இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மனம் சோர்ந்திருந்தால் அதையும் அதே வைத்தியரிடம் சொல்லலாம். இரண்டும் ஒருவருக்கே வரலாம்.