விருந்தாளிப் பெற்றோர்

பெற்ற பிள்ளையின் வீட்டிற்குப் பெற்றோர் விருந்தாளியாகச் செல்வது இந்நாட்டுத் தமிழரிடையே பழைய வழக்கமன்று. தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் மகன் தனிக்குடித்தனம் போனால் அடுத்த லயத்துக்குப் போவான். பேரன் எந்த வீட்டில் உண்டான், எந்த வீட்டில் உறங்கினான் என்று எவரும் கணக்கு வைத்ததில்லை. தோட்டத் துண்டாடல் வந்தது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. பிள்ளைகள் படித்துப் பட்டம் பெற்றுப் பினாங்கு, கிள்ளான், ஜொகூர் பாரு என்று கடலோர நகரங்களில் குடியேறினார்கள். நாம் உள்நாட்டுச் சிற்றூர்களில் தங்கிவிட்டோம். பள்ளி விடுமுறை வந்தால் துணிப்பையும் முறுக்கு டின்னுமாகப் புறப்பட்டு நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்புகின்றோம். போவதை நான் குறை கூற வரவில்லை. போன இடத்தில் நாம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றித்தான், அதிலும் தமிழாசிரியர்களாகிய நாம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றித்தான், இங்கே பேச விரும்புகின்றேன்.

அடுக்குமாடி வீட்டின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நம்மில் பலர் நாவையும் கழற்றி வைத்துவிடுகின்றோம். ஓடிவரும் பேரன் ஆங்கிலத்தில் பேசுகின்றான். ஆயுள் முழுவதும் வீட்டிலும் கோயிலிலும் கடைத்தெருவிலும் தமிழே பேசிய பாட்டி, எங்கோ கேட்ட இரண்டு சொல்லைத் தேடிப் பிடித்து, "கம், ஈட்" என்கின்றார். முப்பது ஆண்டுகள் லகர ளகர ழகர வேறுபாட்டுக்காகப் பிரம்பைத் தொட்ட தாத்தாவோ, "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுகின்றார். சிறுவன் சிரிக்கின்றான். பெற்றோரும் சிரிக்கின்றனர். தாத்தாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, ஊர் திரும்பியதும் ஆசிரியர் அறையில், "என் பேரன் ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டுகிறான்" என்று பெருமை பேசுகின்றார். அன்று மாலையே ஏதேனும் ஒரு மண்டபத்தில் 'தமிழ் நம் உயிர்' என்ற தலைப்பில் அவருக்குச் சொற்பொழிவும் இருக்கும்.

ஏன் ஐயா இப்படி என்று கேட்டால் விடை ஆயத்தமாக இருக்கின்றது. "நான்கு நாள் போகிற இடத்தில் எதற்கு மனக்கசப்பு? மருமகள் என்ன நினைப்பாளோ? அவர்கள் வீடு, அவர்கள் விருப்பம்." இதனைப் பெருந்தன்மை என்று நாம் பெயரிட்டு வைத்திருக்கின்றோம். கோழைத்தனம் என்பதே இதற்குப் பொருத்தமான பெயர். மகன் எந்த நிறத்தில் திரைச்சீலை மாட்டுகின்றான், மருமகள் சோறு வடிக்கின்றாளா, கடையில் வாங்குகின்றாளா என்பன நாம் வாய் திறக்கத் தேவையில்லாத செய்திகள். அங்கெல்லாம் தாராளமாகத் தலையிடும் பெற்றோர் உண்டு. தலையிட வேண்டிய ஒரே இடத்தில்தான் நமக்குத் திடீரென்று நாகரிகம் வந்துவிடுகின்றது.

பினாங்கை எடுத்துக்கொள்வோம். 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப மண்டலம் தோன்றியபின் மின்னணுத் தொழிற்சாலைகள் அங்கே பெருகின. நம் பிள்ளைகள் பலர் பொறியாளர்களாகவும் கணக்கர்களாகவும் அத்தீவுக்குச் சென்றது அதன் தொடர்ச்சியே. கடலின் மேல் 1985இல் ஒரு பாலமும் 2014இல் இன்னொரு பாலமும் வந்துவிட்டன. பேராக்கிலிருந்து காலையில் புறப்பட்டால் மதிய உணவுக்குப் பேரப்பிள்ளை முன் அமர்ந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் நம்மைக் காரில் ஏற்றிக் கர்னி கடற்கரைச் சாலையைக் காட்டுகின்றார்கள், பினாங்கு மலைக்கு அழைத்துச் செல்கின்றார்கள், குட்டி இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தருகின்றார்கள். சூலியா தெருவும் குவீன் தெரு மாரியம்மன் கோயிலும் தமிழர் அத்தீவில் எத்தனை தலைமுறையாக வேரூன்றியவர்கள் என்பதற்குச் சான்றுகள். அங்கே நின்று நம் பேரன் சுற்றுப்பயணியைப் போலப் படம் எடுத்துக்கொள்கின்றான்.

இந்நாட்டில் தமிழ்க் கல்வி எங்கே தொடங்கியது என்பது ஆசிரியப் பயிற்சி பெற்ற எவருக்கும் தெரியும். 1816இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் முன்னின்று நிறுவிய பினாங்கு பிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பைத்தான் நாம் தொடக்கமாகக் கொள்கின்றோம். அதன் இருநூறாம் ஆண்டை 2016இல் நாடெங்கும் கொண்டாடினோம். பதாகை கட்டினோம், மலர் வெளியிட்டோம், ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டோம். அதே தீவில் குடியிருக்கும் நம் பேரப்பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கின்றார்கள் என்று அந்த மேடைகளில் கேட்டவரை நான் காணவில்லை. பழைய பாலம் தீவில் இறங்கும் கெலுகோரில் சுப்பிரமணிய பாரதி தமிழ்ப்பள்ளி இருக்கின்றது. பாயான் லெப்பாஸ் பக்கம் சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளி இருக்கின்றது. விடுமுறைக்குச் செல்லும் தமிழாசிரியர்களில் எத்தனை பேர் மகனிடம், "தம்பி, அந்தப் பள்ளி வாசல் வரைக்கும் ஒருமுறை வண்டியை விடு, பார்த்துவிட்டு வருவோம்" என்று கேட்டிருக்கின்றோம்?

இதனால் என்ன கெட்டுவிட்டது என்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் முதலாம் ஆண்டுப் பதிவுக்காக வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தோம். பணி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும் துணைக்கு வந்திருந்தார். நல்ல ஆசிரியர், தாய்மொழிக் கல்வியின் சிறப்பை அவரைப் போல் எடுத்துரைக்க வல்லவர் எங்கள் வட்டாரத்தில் குறைவு. லாரி ஓட்டும் ஒரு தந்தை கைகட்டி எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "எல்லாம் சரிங்க ஐயா. உங்க பேரப்பிள்ளைங்க எந்தப் பள்ளியில படிக்குதுங்க?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நண்பர் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை எங்கள் பள்ளிக்கு வரவில்லை. அந்தத் தந்தையைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மருந்து விற்பவன் தன் வீட்டு நோயாளிக்கு அதைக் கொடுக்கின்றானா என்று அவர் பார்த்தார், அவ்வளவே.

1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியுள்ளன. 2010ஆம் ஆண்டையொட்டி ஓர் இலட்சத்தைக் கடந்திருந்த மாணவர் தொகை, அடுத்த பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 80,000 ஆகச் சுருங்கியது. பிறப்பு குறைந்தது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆயினும் 150க்கும் குறைவான மாணவர் உள்ள உட்புறப் பள்ளியை நடத்தும் தலைமையாசிரியனுக்கு ஒன்று தெரியும். எங்கள் ஊரைவிட்டுப் போன குடும்பங்களின் பிள்ளைகள் வேறோர் ஊரின் தமிழ்ப்பள்ளி இடைநிலையில் அமர்ந்திருந்தால் நான் மகிழ்ச்சியுடன் என் பள்ளிக் கதவைச் சாத்துவேன். அவர்கள் அங்கும் இல்லை.

பிள்ளைகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு உடன்பாடன்று. அவர்களுடைய மறுப்புக்குத் தமிழ் வெறுப்பு காரணம் என்று நாம் மேடையில் முழங்குகின்றோம். அருகில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். காரணம் கடிகாரத்தில் இருக்கும். என் மகள் பினாங்கில் பணிபுரிகின்றாள். பேத்திக்கு ஆறு வயதானபோது இப்பேச்சை நான் எடுத்தேன். மாப்பிள்ளை முகம் சற்றுச் சுருங்கியது உண்மை. மகள் சொன்னாள்: "அப்பா, தமிழ்ப்பள்ளி வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஒரு மணிக்குப் பள்ளி விட்டுவிடும். நாங்கள் இருவரும் வீடு திரும்ப ஆறரை ஆகும். அந்த ஐந்தரை மணி நேரம் பிள்ளையை யார் பார்ப்பது?" பராமரிப்பு நிலையம் நடத்துவோர் தாம் வேன் அனுப்பும் பள்ளிகளிலிருந்துதான் பிள்ளைகளை ஏற்றி வருவார்கள். அந்த வேன் போகாத பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் துணிவதில்லை. பெரும்பாலான வீடுகளில் மொழிச் சிக்கல் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது உண்மையில் இந்த வேன் சிக்கல்தான்.

பேறுகாலத்துக்கு மூன்று மாதம் மகள் வீட்டில் தங்காத தமிழ்த்தாய் உண்டா? பத்தியச் சோறு, பிள்ளைக்குக் குளிப்பாட்டு, மருந்துக் குழம்பு என்று அந்த வீட்டையே தாங்கி நிற்கும் அதே பாட்டி, அப்பிள்ளை ஏழு வயதில் பள்ளிக்குப் போகும்போது நான்கு நாள் விருந்தாளியாகிவிடுகின்றார். பிறந்த குழந்தைக்கு நாம் தேவை, படிக்கும் குழந்தைக்குத் தேவையில்லை என்று யார் முடிவு செய்தது? என் மனைவி முதல் தவணை முழுவதும் பினாங்கில் தங்கினார். நான் இங்கே கஞ்சியும் கருவாடுமாகக் காலத்தை ஓட்டினேன். உடல் எடை குறைந்தது, கேடொன்றுமில்லை. பகல் ஒரு மணிக்குப் பள்ளி வாசலில் பாட்டி நிற்பார். வழியில் பார்த்த பூனை முதல் வகுப்பில் நடந்த சண்டை வரை எல்லாம் தமிழில் வந்து கொட்டும். அதற்குள் மகள் பள்ளியின் மற்றப் பெற்றோரோடு பழகி, முறை வைத்துப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டாள். பாட்டி திரும்பிவிட்டார். பேத்தி இப்போது இரண்டாம் ஆண்டு. வாரந்தோறும் தொலைபேசியில் என் ரகர றகரத்தைத் திருத்துகின்றாள். திருத்தத்தில் பாதி தவறு.

"தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் ஆங்கிலம் வராதே, எதிர்காலம் என்னாவது?" என்ற வினாவுக்கு நெடிய விடை வேண்டியதில்லை. கேட்கும் மகன் எப்பள்ளியில் படித்துப் பொறியாளன் ஆனான் என்று திருப்பிக் கேட்டால் போதும். நம் பள்ளிகளில் மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கப்படுகின்றன என்பதை அவனே அறிவான். அவன் அப்பனே கற்பித்திருப்பான்.

பேரன் ஏற்கெனவே தேசியப் பள்ளியில் சேர்ந்துவிட்டான் என்றாலும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட முடியாது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வழி உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்த தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அன்று தலையெண்ணிக் காட்டக் கங்காணியும் தோட்டத்து வாத்தியாரும் இருந்தார்கள். இன்று கடலோர நகரத்துப் பள்ளி ஒன்றில் பதினைந்து தமிழ்ப் பெற்றோரை யார் எண்ணுவது? காலையில் வேலைக்கு ஓடும் பிள்ளைகளுக்கு அதற்கு நேரமில்லை. பள்ளி வாசலில் பேரனுக்காகக் காத்து நிற்கும் தாத்தாவுக்கு நேரம் நிறைய உண்டு. படிவம் நிரப்பிப் பழகிய கையும் உண்டு.

பயிற்சிக் கழக மாணவர்களுக்கும் ஒரு சொல். நாளை உங்களுக்கு நகரத்துப் பள்ளியில் பணி கிடைத்தால், பாடத்திட்டத்தோடு பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு என்ன நடக்கின்றது என்பதையும் கேட்டறியுங்கள். மாணவர் தொகையை உயர்த்தும் வழி அங்கேதான் கிடக்கின்றது.

நம் சங்கங்கள் ஆண்டுதோறும் விருந்து வைக்கின்றன. பொன்னாடையும் நினைவுக் கேடயமும் வாங்கப் பணம் தட்டுப்படுவதில்லை. என் வீட்டு அலமாரியிலேயே ஐந்து கேடயங்கள் தூசி பிடித்துக் கிடக்கின்றன. பினாங்கு, கிள்ளான், ஜொகூர் பாரு ஆகிய மூன்று நகரங்களில் பிள்ளைகளை உடைய, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுப்பதற்கு ஒரு மாதம் போதும். ஒவ்வொருவரும் ஆண்டில் ஒரு தவணை அங்கே தங்க இசைந்தால், தமிழ்ப்பள்ளி ஒன்றன் ஓர் அறையில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையோடு ஒரு மணி முதல் ஆறரை மணி வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். பாடம் எழுத வைக்கலாம், கதை சொல்லலாம், மாலையில் பல்லாங்குழி ஆடலாம். அறைக்கு முறையாக இசைவு பெற வேண்டும், உணவுக்குக் கட்டணம் வசூலிக்க வேண்டும், வேனுக்கு ஆள் பார்க்க வேண்டும். இவை தலைமையாசிரியர்களுக்குப் புதிய வேலைகள் அல்ல. எங்கள் வட்டாரத்தில் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கின்றனர். அவர்களுள் ஒருவர், லாரி ஓட்டுநரின் வினாவுக்கு வாய் திறவாத அந்த நண்பர். வரும் பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாக முன்மொழிய இருக்கின்றேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.