மார்ஷல் காட்டிய வழி

பசித்திருப்பவனிடம் ராஜீய சித்தாந்தம் பேசிப் பயனில்லை. இதை நன்குணர்ந்த ராஜதந்திரி ஜார்ஜ் மார்ஷல். அமெரிக்காவின் அயல்நாட்டு மந்திரியாக இருந்த அவர், மகாயுத்தம் ஓய்ந்து இரண்டாண்டுகளான பின், 1947 ஜூன் 5-ந் தேதி ஹார்வர்டு சர்வகலாசாலையில் பேசினார். தமது தேசத்தின் கொள்கை எந்தத் தேசத்துக்கும் விரோதமானதன்று, பசிக்கும் வறுமைக்கும் குழப்பத்துக்குமே விரோதமானது என்றார். புனருத்தாரணத் திட்டத்தை ஐரோப்பியரே வகுக்கவேண்டும் என்பதையும் வற்புறுத்தினார். அவ்வாறே 16 தேசங்கள் பாரிஸில் கூடித் திட்டம் தீட்டின. 1948 முதல் நான்காண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலர் உதவி கிடைத்தது.

இதில் அமெரிக்காவின் சுயநலமும் கலந்திருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மார்ஷலுக்குச் சொந்த நோக்கம் எதுவும் இருந்ததாகச் சொல்லமுடியாது. 1947 ஜனவரியில் பதவியேற்றபோதே, தேர்தல் எதிலும் தாம் நிற்கப்போவதில்லை என்று பகிரங்கமாக அறிவித்தவர் அவர். பதவிக்கு அலையாதவரின் சொல்லுக்குப் பொது வாழ்வில் தனி மதிப்பு உண்டல்லவா?

உதவி பெற்றவர் எல்லோரும் அதன் தர்மத்தை உணர்ந்தார்களா? ஹாலந்தும் அந்தப் பதினாறில் ஒன்று. அதே தேசம் 1948 டிசம்பரில் இந்தோனேஷியக் குடியரசின்மீது படை செலுத்தியது! தன் வீட்டைத் தன் இஷ்டப்படி கட்டிக்கொள்ள விரும்பியவர், அடுத்தவனுக்கு அவ்வுரிமையை மறுத்தது எந்த நியாயம்?

கல்லும் சுண்ணாம்பும் பிறர் தரலாம். வீடு எப்படி அமையவேண்டும் என்பதை அதில் குடியிருப்பவரே தீர்மானிக்கவேண்டும். இந்த நீதி ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று என்பதே நமது அபிப்பிராயம்.