சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை

திருவள்ளூர் மாவட்டத்தின் ஆர்.கே.பேட்டை வட்டாரம் விசைத்தறிகளால் வாழ்கிறது. நாடா பாயும் ஒவ்வொரு முறையும் எழும் தட்டொலி, ஆண்டுக்கணக்கில் அதன் அருகே நிற்பவரின் உட்செவியிலுள்ள நுண்மயிர்ச் செல்களைச் சிதைக்கக்கூடியது. சிதைந்தவை மீண்டும் வளர்வதில்லை.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர் அதிர்வெண்களில் தொடங்குகிறது. அதனால் பாதிக்கப்பட்டவருக்குச் சத்தம் கேட்கும்; சொல் தெளிவாக விளங்காது. அமைதியான அறையில் சமாளிப்பவர், சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் திணறுவார்.

பழைய செவித்துணைக் கருவிகள் பேச்சோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கின. செயற்கை நுண்ணறிவு மாற்றியிருப்பது இதைத்தான். ஓட்டிகான் நிறுவனம் தனது 'மோர்' கருவியை 1.2 கோடி ஒலிச்சூழல்களைக் கொண்டு பயிற்றுவித்ததாகக் கூறுகிறது. போனாக் நிறுவனம் 2024-இல், இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுப்பதற்கென்றே தனிச் சில்லு பொருத்திய கருவியை வெளியிட்டது. 'எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது' என்பதிலிருந்து 'எவ்வளவு புரிகிறது' என்பதற்குத் தொழில்நுட்பம் நகர்ந்துவிட்டது.

நமது சட்டம் இன்னும் நகரவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி, பேச்சு அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ஒருவர் செவித்திறன் குறைந்தவர். உலக சுகாதார நிறுவனமோ, நன்கு கேட்கும் காதிலேயே 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தால் அதை வாழ்வை முடக்கும் குறைபாடு என்கிறது. மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் கருவி பெற 40 விழுக்காடு ஊனச் சான்று வேண்டும். உயர் அதிர்வெண்களை மட்டும் இழந்த நெசவாளர் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே விடுபட்டுப்போகும் வாய்ப்பே மிகுதி. புதிய கருவியால் பெரிதும் பயனடையக்கூடியவரும் அவரே.

எனவே, கருவியின் விலை குறையும்வரை காத்திருப்பது தீர்வாகாது என்பது என் கருத்து. இரைச்சலினூடே பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனை அளக்கும் சோதனையைச் சான்றளிப்பில் சேர்க்க வேண்டும். அரசுக் கொள்முதலிலும் அதே திறனைத் தர அளவுகோலாக்க வேண்டும். அச்சோதனை தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இப்பகுதியின் பேச்சிலும், தறியின் ஓசையிலும் நடக்க வேண்டும். அளவுகோல் பழையதாக இருக்கும்வரை, எத்தனை நுண்ணறிவுள்ள கருவியும் தறிக்கூடத்தின் வாசலைத் தாண்டி உள்ளே வராது.